‘வேற ஒண்டுமில்லையே?’

நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. தெரியாததை அறியக் கேட்பது அறியா வினா. வைத்தியர் நோயாளியிடம் கேட்பது இதுதான் என்று நினைத்திருந்தேன், பாப்பாமோட்டையிலிருந்து உம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்வரை.

“வேற ஒண்டுமில்லையே?” என்றார் வைத்தியர்.

“இல்ல மகன்.”

இரண்டு தரம் மயங்கி விழப்பார்த்ததை உம்மம்மா பஸ்ஸில்தான் சொன்னார். “அவர்தானே ஒண்டுமில்ல எண்டார்” என்று வேறு! மறுநாள் திரும்பவும் போனோம். அந்த ‘இல்லையே’யின் ஏகாரம் வைத்தியருக்கு வினா, உம்மம்மாவுக்குத் தேற்றம்.

இப்பேச்சை ஆராயவே ஒரு துறை உண்டு. இருவரின் சம்மதத்துடன் ஒலிப்பதிவு செய்து, மௌனம், இழுவை, குறுக்கீடு யாவற்றையும் உள்ளபடி எழுதிப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் பெக்மனும் பிராங்கலும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் வைத்தியர் குறுக்கிட்டிருந்தார். 74 சந்திப்புகளில் நோயாளி சொல்லவந்ததை முடித்தது 17இல் மட்டுமே. 2007இல் ஹெரிட்டேஜ், ரொபின்சன் குழுவினர் ஒரு சொல்லைத்தான் மாற்றிப் பார்த்தார்கள். ‘எனிதிங்’ என்று கேட்டால் ‘இல்லை’ வரும் பக்கம் சாயும். ‘சம்திங்’ என்றால் ‘ஓம்’ பக்கம். ‘சம்திங்’ என்று கேட்டபோது, சொல்லாமல் போன குறைகள் வெகுவாகக் குறைந்தன.

தமிழில் எப்படிக் கேட்பது? நேற்று உம்மம்மாவிடம், “வேற என்ன செய்யுது?” என்றேன். முழங்காலில் தொடங்கினார். அஸர் பாங்கு சொல்லியும் முடிக்கவில்லை.