காரவள்ளி வரைக்கும் இறக்கிவிட்டால் போதும்

கண்புரை ஆபரேஷன் பத்து, பதினைந்து நிமிஷ வேலை. மலையில் இருக்கிற ஓர் ஆயாவை அந்த மேசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மாதக் கணக்கில் இழுக்கும். கொல்லிமலையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் இலவசக் கண் முகாம்களுக்கு ஆள் சேர்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ பரிசோதனை நடக்கும். ஆபரேஷனுக்குத் தேர்வானவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் காரவள்ளிக்கு வரவேண்டும். ஆஸ்பத்திரியின் நீளமான பஸ் அதற்கு மேல் ஏறாது. அங்கே பஸ் ஏறியபின் மனம் மாறியவர்களை நான் கண்டதில்லை. நின்றுபோகிறவர்கள் எல்லாம் மலைமேல், தங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுபோகிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக, பழகித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் மலைக்கு மட்டும் உள்ள சங்கடம் இல்லை இது. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு உள்ளவர் கட்டும் பணத்தில் இல்லாதவருக்கும் பார்வை என்பது அங்கே வேரூன்றிய வழக்கம். அப்படியும், தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கே வந்ததாகச் சொன்னது. பயம், போக வர ஆகும் செலவு, வீட்டுப் பொறுப்பு, வயசானால் இப்படித்தான் என்ற நினைப்பு என்று காரணங்கள் வந்தன. எங்கள் மலையில் இன்றைக்கும் இதே நான்கைத்தான் கேட்கிறேன். சமவெளியிலேயே அந்த நிலை என்றால், இறங்கி ஏறவே ஒரு பொழுது போகிற ஊரில் எப்படி இருக்கும்? நோட்டீஸ் ஒட்டி ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் முகாமுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர்கள்தான்.

வீட்டுக்குப் போனதும் "கண்ணு நல்லா தெரியுதா ஆயா?" என்று கேட்காதீர்கள். "தெரியுது சாமி" என்றுதான் பதில் வரும். வேலையைக் கேளுங்கள். மிளகுக் கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிக்க வேண்டும். அந்தச் சிவப்பு தெரிகிறதா? சாமை புடைக்கும்போது கல் கண்ணில் படுகிறதா, கையில் தட்டுப்படுகிறதா? ஒருமுறை ஒரு வீட்டில் ஆயா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி விரலால் துழாவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மருமகளுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. எத்தனையோ வருஷமாக அப்படித்தான். பெண்கள் விஷயத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அடுப்படியும் கொட்டிலும் அவர்களுக்குக் கைப்பழக்கம். பார்வை போய்விட்டது வெளியே தெரிய நாளாகும். ஆண்களுக்குச் சந்தையில் ரூபாய் நோட்டு மாறிப்போனதுமே தெரிந்துவிடும்.

அடுத்து வருவது "இன்னும் முத்தலை, முத்தட்டும்" என்ற பேச்சு. இதைக் கேட்டு அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தக் காலத்தில் அது சரியான பேச்சுதான். புரையை எடுத்துவிட்டுத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். கண்ணாடி உடைந்தால் மறுபடி இருட்டு. அதனால் முற்றும்வரை காத்திருப்பதில் அர்த்தம் இருந்தது. 1949-இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைத்துக் காட்டினார். ஆனால் அது நம் ஏழைகளின் கைக்கு எட்ட, 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கிக் குறைந்த விலையில் லென்ஸ் செய்யும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது முற்றவிடுவதுதான் ஆபத்து. மிகவும் முற்றிய புரை கண்ணில் அழுத்தத்தை ஏற்றி, தாங்க முடியாத வலியைக் கொடுத்து, பார்வையை நிரந்தரமாகவே பறித்துவிடும். வெயில் காலத்தில் கூடாது என்பதும் பழைய கணக்குதான். இன்றைக்கு எந்த மாதமும் செய்யலாம்.

ஆனால் மலைக்கென்று ஒரு மாதக் கணக்கு உண்டு. அதை மதியுங்கள். மிளகும் காபியும் பறிக்கிற நாளில் தேதி கொடுத்தால் யாரும் வரமாட்டார்கள், வரவும் முடியாது. ஆடி 18-இல் ஓரி விழாவுக்கு ஊரே செம்மேட்டில் கூடுகிற நாளும் அப்படித்தான். முகாம் நடத்துபவர்களிடம் இதை முன்கூட்டியே பேசித் தேதி வாங்குங்கள்.

எனக்கு முக்கியமாகப்படுவது ஆட்டுக்குட்டி. சிரிக்க வேண்டாம். தனியாக வாழும் பெரியவருக்கு நான்கு ஆடுகள்தான் சொத்து, துணை எல்லாம். இரண்டு மூன்று நாள் அவற்றை யார் மேய்ப்பது என்று தெரியாமல் அவர் அசையமாட்டார். ஆபரேஷனைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்குவதைவிட, பக்கத்து வீட்டுப் பையனிடம் ஆட்டை ஒப்படைத்து, அதை அவர் கண்முன்னாலேயே பேசி முடிப்பது பலன் தரும். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பாட்டிக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். அதைச் செய்துவிட்டுத்தான் பெயர் எழுத வேண்டும்.

சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஒரு வாரம் முன்னதாகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடுங்கள். மலை இறங்கிப் போனவரை "பிரஷர் அதிகம், அப்புறம் வாங்க" என்று டாக்டர் திருப்பி அனுப்பினால் அது அவர் உயிருக்கு நல்லதே. ஆனால் ஊரில் "ஆகாதுன்னு அனுப்பிட்டாங்க" என்று பேச்சாகி, அடுத்த முகாமுக்குத் தெருவே வராது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபின் மாத்திரை வீடு தேடியே வருகிறது. டப்பா காலியாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

பார்வை முழுவதும் திரும்பிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கண் நரம்போ விழித்திரையோ கெட்டிருந்தால் புரையை எடுத்தாலும் குறை இருக்கும். அதை டாக்டர் வாயால் முதலிலேயே சொல்லவையுங்கள். சிலருக்கு மாதங்களோ வருஷங்களோ கழித்து லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கும். "மறுபடி வளர்ந்துடுச்சு" என்று பயப்படுவார்கள். அதை லேசரில் சில நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம். இதையும் முன்பே காதில் போட்டுவைக்க வேண்டும்.

இறங்கும் நாளில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வளைவுகளில் வாந்தி எடுப்பவர்கள் உண்டு. லேசாகச் சாப்பிடச் சொல்லி முன் சீட்டில் உட்கார வையுங்கள். திரும்பி ஏறும்போது இன்னும் கவனம் வேண்டும். புதிதாக ஆபரேஷன் செய்த கண்ணோடு குமட்டி வாந்தி எடுப்பது நல்லதில்லை. ஆஸ்பத்திரியிலேயே வாந்தி மாத்திரை கேட்டு வாங்கிவிடுங்கள்.

சொட்டு மருந்துதான் கடைசித் தலைவலி. முதல் வாரம் இத்தனை தடவை, அடுத்த வாரம் ஒன்று குறைத்து என்று ஆறு வாரம் போகும். படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டால் பயனில்லை. நான் அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு, சுவரில் கரித்துண்டால் வாரத்துக்கு ஒரு வரியாகக் கோடு போடச் சொல்வேன். எத்தனை கோடோ அத்தனை சொட்டு நேரம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குப்பி முனை இமையில் படாமல் விட வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை கையாலேயே என் முன்னால் செய்யவைத்துப் பார்ப்பேன். டாக்டர் சொல்லும்வரை கண்ணைத் தேய்க்கக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, அடுப்புப் புகையில் உட்காரக் கூடாது. அந்தக் கோடுகளுக்குக் கீழேயே ஒரு போன் நம்பரும் இருக்க வேண்டும். கண் சிவந்து வலித்தாலோ, தெரிந்த பார்வை குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குள் கிருமி இறங்கியிருந்தால் மணிக்கணக்கில் பார்வை போய்விடும்.

ஒரு மாதம் கழித்துக் கண்ணாடிக்காக வரும்போதே இரண்டாவது கண்ணுக்குத் தேதி எழுதிவிடுங்கள். "ஒண்ணு தெரியுது, போதும் நர்ஸம்மா" என்பார்கள். சமதரையில் அது போதலாம். இங்கே பாறைப் படியும் சரிவும் இறங்க, ஆழம் தெரிய, இரண்டு கண்ணும் வேண்டும். கிழவர்கள் விழுந்து இடுப்பு உடைவது இந்த ஆழம் பிடிபடாமல்தான். அந்தத் தடவை நீங்கள் வீடு வீடாக அலைய வேண்டியிருக்காது. முதல் கண் செய்துகொண்டவரையே கூட அழைத்துப்போங்கள். பக்கத்து ஊர் ஆயாவிடம் அவரே பேசிக்கொள்வார்.