மருந்துகளை ஒழுங்குபடுத்துவோம்; மனச்சுமையைக் குறைப்போம்

மன அழுத்தம் என்றவுடன் கடன், வேலை, குடும்பப் பூசல் முதலிய பெரிய காரணங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், நீண்டகால நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் அன்றாடம் மனத்தை அரிப்பவை பெரும்பாலும் சிறியவையே. "காலை மாத்திரையைப் போட்டேனா, இல்லையா?", "சென்ற மாத இரத்தப் பரிசோதனை அறிக்கை எங்கே?", "இந்தப் பாதி அட்டை எதற்கான மாத்திரை?" என்னும் கேள்விகள் நாள்தோறும் எழுகின்றன. விடை தேடும் பொறுப்பு வீட்டில் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. பல வீடுகளில் அவர் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறார். அச்சுமையைக் குறைக்கும் வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

ஒழுங்கின்மை ஏன் களைப்பூட்டுகிறது?

ஒரே நேரத்தில் நாம் மனத்தில் நிறுத்திக்கொள்ளக்கூடிய செய்திகள் மிகச் சில. அமெரிக்க உளவியலறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் அவ்வெண்ணிக்கையை ஏறத்தாழ ஏழு என்று கூறினார். பிற்கால ஆய்வுகள் அது நான்கை ஒட்டியது என்கின்றன. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உடைய ஒருவர் நாளொன்றுக்கு ஐந்தாறு மாத்திரைகள் உட்கொள்வது அரிதன்று. எது உணவுக்கு முன், எது பின், எது தீரப்போகிறது என்பவற்றையெல்லாம் நினைவிலேயே சுமந்தால் மனம் சோர்வது இயல்பே.

கார்ட்டிசால் என்னும் சுரப்பு காலையில் மிகுந்து, இரவை நோக்கிப் படிப்படியாகக் குறைவது உடலின் வழக்கம். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தம் வீட்டைப் பொருள்கள் இறைந்து, வேலைகள் முடியாமல் கிடக்கும் இடமாக வருணித்த பெண்களிடம் இவ்விறக்கம் குறைவாகக் காணப்பட்டது. ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்று இதைக்கொண்டு நிறுவ இயலாது. எனினும், இறைந்து கிடக்கும் வீடும் இளைப்பாறாத உடலும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பது கருதத்தக்கது.

மருந்துகளைப் பொறுத்தவரை, களைப்போடு ஆபத்தும் சேர்கிறது. டோலோ, கால்பால், க்ரோசின் என்று பெயர்கள் வேறாயினும் மூன்றிலும் இருப்பது பாராசிட்டமால்தான். வெவ்வேறு கடைகளில் வாங்கிய அட்டைகள் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தால், காய்ச்சலுக்கு ஒன்று, உடல்வலிக்கு ஒன்று என ஒரே மருந்தை இருமுறை உட்கொள்ள நேரிடும்; அளவு மிகுந்தால் கல்லீரல் பாதிக்கப்படும். மூட்டுவாதத்திற்கு வாரம் ஒருமுறை மட்டுமே தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே கேடு நேரலாம்.

முதற்படி: ஓரிடத்தில் சேர்த்தல்

பூசை அலமாரி, சமையலறைத் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவு, கைப்பை, தலையணையடி என எங்கெங்கோ இருக்கும் மருந்துகள் அனைத்தையும் ஒரு நாள் மேசைமீது பரப்புங்கள். நடப்பு மருந்துச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றை நான்காகப் பிரியுங்கள்.

1. இப்பொழுது உட்கொள்பவை.
2. தேவைப்படும்போது மட்டும் உட்கொள்பவை.
3. காலாவதியானவை, பெயரோ தேதியோ தெரியாதவை.
4. ஐயத்திற்குரியவை.

நான்காம் வகையை ஒரு பையிலிட்டு, அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது கொண்டு வாருங்கள். மாத்திரைகள் மிகுதியாகத் தோன்றுகின்றன என்பதற்காக எதையும் நீங்களே நிறுத்திவிட வேண்டாம். எது தேவை, எது வேண்டாம் என்று நாங்கள் உங்களுடன் அமர்ந்து பார்த்துச் சொல்கிறோம்.

மறைந்த ஒருவரின் மருந்துகளையும் கண்ணாடியையும் பல வீடுகளில் அப்படியே வைத்திருப்பதை நாம் அறிவோம். அவற்றை அகற்றுமாறு வீட்டுப் பெரியவரை வற்புறுத்தலாகாது. கண்ணாடி இருந்துவிட்டுப் போகட்டும். மருந்துகளை மட்டும் நடப்பு மருந்துகளோடு கலவாமல் தனியே வைத்து, அவர் மனம் இசையும்போது அகற்றலாம்.

இரண்டாம் படி: உரிய இடம்

வெப்பமும் ஈரமும் படாத, சிறுவர் கைக்கு எட்டாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுப்பருகும் குளியலறையும் ஏற்றவையல்ல. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறையவிடலாகாது. பயன்பாட்டிலுள்ள இன்சுலின் பெரும்பாலும் 28 நாள்கள் வரையே ஏற்றது என்பதால், திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள்.

கடையில் அட்டையை வெட்டித் தரும்போது காலாவதித் தேதி மறுபாதியோடு போய்விடுவதுண்டு. முழு அட்டையாக வாங்க இயலாதபோது, பெயரையும் தேதியையும் உறைமீது எழுதித் தரும்படி கேளுங்கள்.

ஏழு நாள்களுக்கும் அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டியை ஞாயிறுதோறும் நிரப்பி வைத்தால், "போட்டேனா?" என்னும் கேள்விக்கு அந்த அறையே விடை கூறும். சில மாத்திரைகளை அவற்றின் உறையிலிருந்து பிரிக்கலாகாது. எவை என்பதை மருந்தாளுநரிடம் கேட்டறியுங்கள். வாரம் ஒருமுறை மாத்திரையைப் பெட்டியிலிடாமல், உட்கொள்ள வேண்டிய கிழமையை எழுதித் தனியே வையுங்கள்.

மூன்றாம் படி: ஒரே கோப்பு

ஒருவருக்கு ஒரு கோப்பு போதும். புதிய அறிக்கை மேலே இருக்குமாறு தேதி வரிசையில் அடுக்குங்கள். வெப்பத்தாளில் அச்சான இசிஜி நாளடைவில் மங்கிவிடும். உடனே நகலெடுத்து வையுங்கள். கோப்பின் முதற்பக்கத்தில் பெயர், வயது, இரத்த வகை, ஒவ்வாத மருந்துகள், உள்ள நோய்கள், அறுவைச் சிகிச்சை நடந்த ஆண்டு, நடப்பு மருந்துகளும் அளவும், அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். நள்ளிரவில் 108 ஊர்தியை அழைக்க நேர்ந்தால், அந்த ஒரு பக்கம் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

அகற்றும் முறை

போகிக்குப் பழையன கழிப்பது நம் மரபே. ஆயினும் மருந்துகளைத் தீயிலிட வேண்டாம். கிணற்றிலோ கழிவுநீரிலோ கொட்டவும் வேண்டாம். முதலில் எங்கள் மருந்தகத்தில் கேளுங்கள். இயலாதெனில், அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய தேயிலைத்தூளுடன் கலந்து, மூடிய உறையிலிட்டுக் குப்பையில் சேருங்கள். இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் இட்டு மூடி, தனியே ஒப்படையுங்கள்.

சுமையைப் பகிர்தல்

இவை அனைத்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். ஒருவரே செய்யவும் வேண்டாம். பெட்டியை நிரப்புவதை மகனும், கோப்பை அடுக்குவதைப் பேத்தியும் ஏற்கலாம். நோயாளி தாமே செய்யக்கூடியவற்றை அவரிடமே விடுங்கள். தம் மருந்தைத் தாமே அறிந்திருப்பவருக்கு அச்சம் குறைகிறது.

வீடு ஒழுங்கான பின்னரும் இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை ஆகியவை நீடித்தால், அவை மருத்துவ உதவி வேண்டுபவை. நோயாளிக்கு மட்டுமன்று, அவரைப் பராமரிப்பவருக்கும் இது பொருந்தும். எங்களிடம் தயங்காமல் கூறுங்கள். டெலி மானஸ் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது அந்த முதற்பக்கத்தை மறவாமல் கொண்டு வாருங்கள். அதனை உங்களுடன் சேர்ந்து சரிபார்த்துத் தருவோம்.