ஜன்னலோரத்து சென்ட் பாட்டில்

காய்ச்சல் நெற்றியில் ஓடிகொலோன் நனைத்த துணி போட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பெயருக்கு 'கொலோன் தண்ணீர்' என்றுதான் அர்த்தம். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1709-இல் தொடங்கிய ஃபரீனா சென்ட் நிறுவனம் இன்றும் இருக்கிறது. அதன் போட்டியாளரான '4711' என்ற பிராண்டின் வீடு க்ளோக்கன்காஸெ தெருவில். அங்கே பழம்பொருள் சந்தையில் பாதி நிறைந்த பழைய புட்டி ஒன்றை வாங்கினால், அதோடு சில தவறான நம்பிக்கைகளும் இலவசமாக வரும்.

பழசாகப் பழசாக மணம் கூடும். சென்ட் ஒயின் அல்ல. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் எண்ணெய்களில் இருக்கும் லிமோனீன் காற்றுப்பட்டால் சிதையும். அதனால் கொலோன் வகைதான் முதலில் கெடும். சந்தனம், பச்சோலி கலந்தவை பல்லாண்டு தாங்கும். பழைய பாட்டிலின் முதல் வீச்சு டர்பன்டைன்போல் அடித்தால் உடனே கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள், அடிமணம் பத்திரமாக இருக்கலாம். ஆனால் சிதைந்த லிமோனீன் தோலில் ஒவ்வாமை தரக்கூடியது. காகிதத்தில் தெளித்து முகர்வது நல்லது.

நிறம் கறுத்தால் கெட்டுவிட்டது. இல்லை. வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் நாளாக நாளாகப் பழுப்பேறும். மூக்கை நம்புங்கள், கண்ணை அல்ல.

படுக்கவைத்துத்தான் வைக்க வேண்டும். இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஃபரீனாவின் ஆரம்பகால 'ரோசோலி' புட்டி நீண்டு ஒல்லியானது, தக்கை மூடி கொண்டது. தக்கை காய்ந்து சுருங்காமலிருக்கப் படுக்கவைத்தார்கள். இன்றைய ஸ்ப்ரே பாட்டிலையோ கண்ணாடி மூடியையோ படுக்கவைத்தால் மிஞ்சுவது கசிவுதான்.

குளியலறையே அதன் இடம். இல்லவே இல்லை. அங்கே தினமும் வெந்நீராவி, பிறகு குளிர். இதைவிட மோசமான இடம் ஜெர்மன் வீட்டின் ஜன்னல் திண்ணைதான்: மேலே வெயில், கீழே குளிர்காலம் முழுக்கக் கொதிக்கும் ஹீட்டர். அழகாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

ஃப்ரிட்ஜ் தேவையா? தவறில்லை, கட்டாயமும் இல்லை. வெர்சாயில் இருக்கும் ஓஸ்மோதேக் என்ற வாசனைக் காப்பகம் தன் திரவியங்களை 12 டிகிரியில், இருட்டில், ஆர்கான் வாயு நிரப்பி வைக்கிறது. வீட்டில் அதற்கு நெருங்கியது ஜெர்மன்காரர்களின் 'கெல்லர்', அதாவது நிலவறை. ஈரமில்லையா என்று மட்டும் பாருங்கள்; லேபிள் பூசணம் பிடித்தால் சேகரிப்பின் மதிப்பில் பாதி போச்சு. கெல்லர் இல்லாதவர்களுக்குப் படுக்கையறை அலமாரியின் அடித்தட்டு போதும்.

டப்பாவில் '36 எம்' என்றால் மூன்றாண்டில் விஷம். இல்லை. மூடி திறந்த டப்பா வரைந்த அந்தக் குறி, ஐரோப்பியச் சட்டப்படி, திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர் தரும் கணக்கு. முப்பத்தேழாம் மாதம் எதுவும் வெடிக்காது.

டப்பாவை மட்டும் எறியாதீர்கள். பாட்டிலுக்கு அதுதான் முதல் இருட்டறை.