மெல்லிசா ஓரம் மடிக்க ஹெம்மர் ஃபூட் இருக்கே!

ஷிஃபான் துப்பட்டா, ஜார்ஜெட் புடவைக்கு ஓரம் அடிக்கணும்னா உடனே கடைக்கு ஓடுற தங்கச்சிகளுக்குத்தான் இதை எழுதறேன். வீட்டு மெஷின்லயே 2, 3 மில்லிமீட்டர் அகலத்துல மடிச்சுத் தைக்க ஹெம்மர் ஃபூட் இருக்கு. முன்பக்கம் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். துணி ஓரம் அதுக்குள்ள நுழைஞ்சா, தானா ரெண்டு மடிப்பா சுருண்டு ஊசிக்கு வந்துடும். பழைய கறுப்பு மெஷின் வெச்சிருக்கவங்க அதோட வந்த சின்ன டப்பாவைத் திறந்து பாருங்க, உள்ளேயே கிடக்கலாம்.

புதுசா வாங்கறதா இருந்தா, இப்போ இருக்கற ஃபூட்டைக் கழற்றிக் கையோட எடுத்துட்டுப் போங்க. பக்கத்துல வெச்சுப் பார்த்து வாங்கிடலாம். மாட்டினதும் மோட்டாரைப் போடாதீங்க. சக்கரத்தைக் கையால சுத்தி, ஊசி எங்கேயும் இடிக்காம இறங்குதான்னு பாருங்க. ஷிஃபானுக்கு 2, வாயில், மல் காட்டனுக்கு 3, தலையணை உறை ஃப்ரில்லுக்கு 6 மில்லிமீட்டர் ஃபூட் சரியா இருக்கும். மெல்லிசு துணிக்கு 16-ஆம் நம்பர் ஊசி வேண்டவே வேண்டாம், ஓட்டை தெரியும். 11 போடுங்க.

எல்லாமே முதல் அங்குலத்துலதான் இருக்கு. ஓரத்தைப் பிசிறில்லாம வெட்டிக்கோங்க. நல்ல பக்கம் கீழே, கெட்ட பக்கம் மேலே இருக்கட்டும். ஆரம்பத்துல ஒன்றரை அங்குலத்துக்குக் கையால ரெண்டு தடவை மடிச்சு, நகத்தால அழுத்தி, நாலஞ்சு தையல் போடுங்க. ஊசி துணியிலயே இறங்கி நிக்கணும். இப்போ ஃபூட்டைத் தூக்கி, ஊசிக்கு முன்னால இருக்கற ஓரத்தை அந்தச் சுருளுக்குள்ள நுழைச்சு, ஃபூட்டை இறக்குங்க. பின்னாடி மேல் நூலையும் பாபின் நூலையும் சேர்த்துப் பிடிச்சு லேசா இழுத்துக் கொடுத்தா துணி கீழே சிக்காது. நூலை மட்டும்தான் இழுக்கணும். துணியை இழுத்தீங்கன்னா ஓரம் அலை அலையா நெளிஞ்சிடும்.

அப்புறம் மெதுவா ஓட்டுங்க. வலது கை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு, பாதி மடிச்ச மாதிரியே கொடுத்துட்டு வரணும். கண்ணு ஊசி மேல இருக்க வேண்டாம், சுருளோட வாய் மேல இருக்கட்டும். பிசிறு எட்டிப் பார்த்தா உள்ளே துணி போதலைன்னு அர்த்தம், வலப்பக்கம் நகர்த்துங்க. மடிப்பு திரண்டு புடைச்சா அதிகமாயிடுச்சு, இடப்பக்கம் நகர்த்துங்க.

இணைப்புத் தையல் வர்ற இடத்துல தடிமன் சிக்கிக்கும். அதனால உள்ளே மடங்கற பாகத்தை முன்னாடியே சாய்வா கத்தரிச்சிடுங்க. அப்படியும் நின்னுட்டா, ஃபூட்டைத் தூக்கித் துணியைச் சுருள்ல இருந்து எடுத்து, அந்த அரை அங்குலத்தைக் கையால மடிச்சுத் தைச்சுட்டு மறுபடி நுழைங்க. மூலைக்கு மட்டும் இந்த ஃபூட்டை நம்பவே கூடாது, அங்கே கைமடிப்புதான் அழகு.

வழுக்குற துணியா? ஓரத்துல கஞ்சித் தண்ணி தொட்டுத் தடவி, காய்ஞ்சதும் இளஞ்சூட்டுல அயர்ன் பண்ணுங்க, சொன்னபடி கேட்கும். பட்டுக்கு மட்டும் இது ஆகாது, கறை நின்னுடும். குடை ஃப்ராக்னா, தைச்சதை ஒரு ராத்திரி ஹேங்கர்ல தொங்கவிடுங்க. கிராஸா வர்ற இடமெல்லாம் இறங்கிடும், அதைச் சமமா வெட்டிட்டு ஓரம் அடிங்க. ஜீன்ஸ், முரட்டுக் கதருக்கு இந்த ஃபூட் லாயக்கில்லை.

கல்யாணத்துக்கு வாங்கின புதுப் புடவையில போய் முதல் தடவை பழகாதீங்கம்மா. கிழிஞ்ச வாயில் புடவை ஒண்ணை முழ நீளத்துக்குப் பட்டை பட்டையா வெட்டி வெச்சுக்கோங்க. ஒரு பட்டை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் பிசிறு தெரியாம வந்ததும் நல்ல துணியை எடுங்க.