ஞானப்பல்லை யாரிடம் எடுப்பது?

சகோதரிகளே, நம்ம உறுப்பினர் ஒருவர் தாடை வீங்கி, வாய் திறக்க முடியாமல் கூட்டத்துக்கு வந்தார். சந்தையில் பல் பிடுங்குகிறவரிடம் போகட்டுமா என்றார். "வேண்டாங்க்கா" என்றோம். எக்ஸ்ரேயில் பார்த்தால் ஞானப்பல் எலும்புக்குள் படுத்தே கிடந்தது.

கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேரை ஒட்டியே உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் உதடு மரத்துப்போகும். சிலருக்குச் சரியாவதே இல்லை. அதனால் எக்ஸ்ரே பார்க்காமல் கை வைக்க விடாதீங்க. நேராக முளைத்ததை பி.டி.எஸ். டாக்டரே எடுப்பார். புதைந்திருந்தால் வாய், தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். படித்தவர் நல்லது. "இதுமாதிரி எத்தனை எடுத்திருக்கீங்க?" என்று கேளுங்கள். கடன் வாங்கும்போது வட்டி கேட்கக் கூச்சப்படுகிறோமா என்ன!

சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கர்ப்பம், எதையும் மறைக்காதீங்க. எடுத்த பின் வெற்றிலை, புகையிலை வேண்டாம். மூணாம் நாள் வலி கூடினால் அதே டாக்டரிடம் காட்டுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால், ராத்திரியானாலும் 108-ஐ கூப்பிடுங்கள்.