குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஆனியில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள ஐந்தாறு கிலோமீட்டரும் வண்டிமயம்தான். பாறையில் வழுக்கிவிடாதே என்று வீட்டில் எல்லோரும் சொல்லி அனுப்புகிறோம். ரோட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சீசனுக்கு வரும் விருந்தாளிகளிடம் நான் சொல்பவை இவை.

1. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ரப்பர் செருப்போடு ரோட்டில் இறங்காதீர்கள். எண்ணெய்க் காலுக்கு அந்தச் செருப்பு நிற்காது. வண்டி வருகிறதே என்று எட்டு வைக்கும்போதுதான் கழன்று ஓடும். உள்ளங்காலைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டுக் கடக்கவும்.

2. இங்கே காற்று மேற்கே கணவாய்ப் பக்கமிருந்து வரும். அதற்கு எதிராகக் குடையைச் சாய்த்தால் எதிரே வரும் பஸ் தெரியாது. கடக்கும் அந்தப் பத்து எட்டுக்குக் குடையை மடக்கிவிடலாம். எப்படியும் நனையத்தானே வந்திருக்கிறோம்!

3. நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக நடக்கவும். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது.

4. குழந்தையின் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தைக் குழந்தை கையில் கொடுக்கவே வேண்டாம். குரங்கு ஒரு தாவலில் பறிக்கும்; பிள்ளை அலறிக்கொண்டு ரோட்டுக்குள் ஓடும்.

5. "அஞ்சு நிமிசம்தான் அண்ணாச்சி." வண்டியை ஓரங்கட்டுகிறவர் எல்லோரும் சொல்வது இது. போன சீசனில் ஒரு பழக்கடை முன்னால் பார்த்தேன். ரோட்டோர வெள்ளைக் கோட்டை முழுதாக மறைத்துக்கொண்டு ஒரு கார் நின்றது. உள்ளே ஆள் இல்லை. ஈரச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வந்த பாட்டியம்மா ஓரத்தில் வழியில்லாமல், காரைச் சுற்றித் தாரில் இறங்கினார். பின்னால் வந்த பஸ் பிரேக் அடித்த சத்தத்தில் கடைக்காரர் தராசை விட்டுவிட்டு ஓடி வந்தார். பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்க்காரர் மங்குஸ்தான் பையோடு வந்தார், ஏறினார், போனார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பறக்கிற வண்டியைத்தான் நாம் திட்டுகிறோம். நிற்கிற வண்டி செய்கிற வேலை நம் கண்ணில் படுவதில்லை. மற்றவர்களுக்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியை விட்டுப் போவது 1988 மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவின்படி குற்றம். கூட்ட நாளில் வண்டி நிறுத்துமிடத்தில் காசு கொடுத்து விட்டுவிட்டு நடப்பதே மேல்.

6. வளைவிலும் பாலத்தின் வாயிலும் நிறுத்தவே கூடாது.

7. கார்க் கதவைக் கதவுக்குத் தள்ளியிருக்கும் கையால் திறவுங்கள். ஓட்டுநர் இடக்கையால், அவர் பக்கத்தில் இருப்பவர் வலக்கையால். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் தெரிவார். நெதர்லாந்துக்காரர்களின் பழக்கம் இது; இரண்டு நாளில் நமக்கும் வந்துவிடும்.

8. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடும். போனில் யார் என்று பார்க்க இரண்டு நொடி. அதற்குள் பஸ் மூன்றின் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருப்பீர்கள். வேகத்தைப் பாதியாக்கினால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் கால் பங்காகக் குறையும். நனைந்த ரோட்டில் இதை மறக்க வேண்டாம்.

9. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் முன்னால் புகுந்து கடக்காதீர்கள். அது புறப்பட்டுப் போகட்டும்.

10. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கறுப்பு வேட்டியோடு விடியற்காலை அருவிக்கு நடக்கிறார்கள். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு, கடைசியில் வருபவர் கையில் ஒரு டார்ச் போதும். ஓட்டுகிறவர்கள் ஹைபீமைத் தணிக்கவும்.

11. "பக்கத்துத் தெருதானே" என்று ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

12. யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108. நல்லெண்ணத்தோடு உதவியவரைச் சட்டச் சிக்கலிலிருந்து காக்க அதே சட்டத்தில் 134அ என்று தனிப் பிரிவே இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, வரம்புக்குட்பட்டுக் கட்டணமில்லை. கேரளத்திலிருந்து வந்தவருக்கும் இது உண்டு. 108-ஐ அழைக்கும்போது "குற்றாலத்தில்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். பேரருவியா, ஐந்தருவியா, பழைய குற்றாலமா என்று சொல்லுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் இல்லை.