பட்டாசு வலைத்தளங்களும் பொய்ப் பாராட்டுகளும்

அன்புள்ள மருமகனுக்கு,

தீபாவளி நெருங்கும் மாதங்களில் சிவகாசியின் பெயரைத் தாங்கிப் பல போலி வலைத்தளங்கள் முளைக்கின்றன. பெயர்பெற்ற ஆலைகளின் படங்களை எடுத்துப் போட்டு, பெருந்தள்ளுபடியில் கிஃப்ட் பாக்ஸ் தருவதாகச் சொல்லி, பணம் கைக்கு வந்ததும் மறைந்துவிடுகின்றன. வாங்குவோரின் தயக்கத்தைப் போக்குவது அவற்றின் கீழே வரிசையாக நிற்கும் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளே. விமர்சனம் என்பது பொருளைப் பயன்படுத்தியவர் பிறருக்காகப் பதியும் அனுபவம். விற்பவரே எழுதினாலும் கூலிக்கு எழுதுவித்தாலும் அது விளம்பரமாகிவிடும். விற்பவர் நுகர்வோராக வேடமிட்டு விமர்சனம் எழுதுவதை 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் வெளியிட்ட ஐ.எஸ். 19000 என்னும் தரநிலை, எழுதுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறையை வகுத்திருக்கிறது. எனினும், திடீரெனத் தோன்றி மறையும் தளத்தைச் சட்டம் எட்டுவதற்குள் பணம் போய்விடும்.

பொய் விமர்சனத்தை எழுதுபவர் பெரும்பாலும் தொழிலை அறியாதவர் என்பதால், அவர் தொழிலின் நடைமுறையிலேயே இடறுகிறார். இரண்டே நாளில் கூரியரில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று ஒருவர் மகிழ்ந்து எழுதியிருந்தால் அதுவே அவரைக் காட்டிக்கொடுக்கும். ஏனெனில் பட்டாசு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டது, தபாலிலோ கூரியரிலோ அனுப்பத்தக்கதன்று. வெடித்துப் பார்த்தவர் எந்தப் புஸ்வாணம் சீராக எழுந்தது, எந்தச் சரவெடி பாதியில் நின்றது, பெட்டியில் எது குறைந்தது என்றெல்லாம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார். வெடிக்காதவரோ தரம் அருமை, விலை மலிவு என்று சேலைக்கும் செல்போனுக்கும் பொருந்தும் சொற்களையே திரும்பத் திரும்ப எழுதுவார். ஒரே வாரத்தில் குவிந்த, ஒரு குறைகூடச் சொல்லாத பாராட்டுகளை நம்புவதற்கில்லை.

இவ்வளவு ஆராய்ச்சியும் ஒருவகையில் தேவையற்றதே. மின்வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் ஏற்பதையும் விற்பதையும் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்றே தடை செய்துவிட்டதால், அத்தகைய தளத்தில் உண்மையான விமர்சனமே இருந்தாலும் அங்கே வாங்குவது முறையாகாது. சிவகாசியிலும் சாத்தூரிலும் உரிமம் பெற்ற கடைகள் இருக்கையில், நேரில் சென்று சரக்கைப் பார்த்து, பில் பெற்று வாங்குவதே தக்கது.

ஏற்கெனவே பணத்தை இழந்த நண்பர் எவரேனும் இருந்தால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுக. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வழியுண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும்.

அன்புடன்,
மாமா
விருதுநகர்